ஹாட் அண்ட் கோல்ட் ஏசி குளுரலையா, கேஸ் போடறதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு தடவை பாருங்க

எங்க வீடு சேலம் அழகாபுரத்துல, மேல்மாடி. பெட்ரூம்ல ஓடறது சாதாரண ஏசி இல்ல, ஹாட் அண்ட் கோல்ட், அதாவது குளிர் காத்தும் தரும், சூடு காத்தும் தரும். மாமனார் ஏற்காட்டுல இருந்தப்ப வாங்குனது, அவங்க மலைய விட்டு எறங்குனப்ப மிஷினும் கூடவே இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கி எங்க வீட்டு செவுத்துக்கு வந்துருச்சு. போன கத்திரில ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயி முக்கால் மணி நேரம் கழிச்சு வந்துச்சு, ஏசில பச்சை லைட் எரியுது, டிஸ்ப்ளேல 24ன்னு காட்டுது, ஆனா காத்தே வரல, வெளிய மாட்டியிருக்கற அவுட்டோர் பெட்டில ஒரு சத்தமும் இல்ல. தெரிஞ்ச மெக்கானிக்குக்கு போன் போட்டேன், பாதி சொல்றதுக்குள்ளயே "பிசிபி அடிச்சிருக்கும்ணா, பன்னெண்டாயிரம் பக்கம் ஆகும், நாளைக்கு வந்து கழட்டிட்டுப் போறேன்"னுட்டாரு. பிசிபின்னா ஏசிக்குள்ள இருக்கற எலெக்ட்ரானிக் போர்டு. அன்னைக்கு ராத்திரி குடும்பத்தோட மொட்டை மாடில பாயைப் போட்டுப் படுத்தோம்.

காலைல காப்பி குடிச்சுட்டே ரிமோட்டை எடுத்துப் பாத்தா நட்சத்திரம் மாதிரி குளிர் படம் இருக்க வேண்டிய எடத்துல சூரியன் படம் உக்காந்திருக்கு. சின்னவன் சாயந்திரம் நோண்டி ஹீட்ல போட்டு வெச்சிருக்கான். ஹீட் மோடுல 24னு வெச்சா என்ன அர்த்தம், ரூம் 24க்கு கீழ போனா சூடு பண்ணுன்னு. ரூம் 33ல கெடக்குது, அதுக்கு செய்ய வேலையே இல்ல, ஃபேனைக் கூட நிறுத்திட்டு சமத்தா உக்காந்திருக்கு. கரண்ட் வந்ததும் ஆட்டோ ரீஸ்டார்ட் கடைசியா இருந்த மோடையே எடுத்துக்கும், அதனால கரண்ட் போய்ட்டு வந்ததாலதான் போர்டு போச்சுன்னு நாங்க நெனச்சுட்டோம். பன்னெண்டாயிரம் ஒரு பட்டன்ல மிச்சம். அதுக்கப்புறம் எனக்கு இந்த மிஷின் மேல ஒரு ஆர்வம் வந்து நாலஞ்சு சொந்தக்காரங்க வீட்டு ஏசியும் பாத்துட்டேன், அதுல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதறேன். மெக்கானிக் முதல்ல சொல்ற வார்த்தை "கேஸ் இல்ல". நாம கடைசியா பாக்க வேண்டியதுதான் கேஸ்.

இந்த ஹாட் அண்ட் கோல்டை ஹீட் பம்ப்புன்னும் சொல்லுவாங்க, பெரிய சமாச்சாரம் எதுவும் இல்ல. சாதாரண ஏசி ரூம்ல இருக்கற சூட்டை வாரி வெளிய கொட்டும், அவ்ளோதான். இதுல அவுட்டோர்குள்ள ஃபோர் வே வால்வுன்னு ஒண்ணு கூடுதலா இருக்கு, அது கேஸ் போற பாதையைத் திருப்பி விட்டா வெளிய இருக்கற சூட்டை வாரி உள்ள கொண்டாந்து கொட்டும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உசரம், மார்கழி ராத்திரில அங்க இது அருமை, காயில் ஹீட்டர் மாதிரி கரண்ட்டை எரிச்சு சூடு பண்றது இல்லாம இருக்கற சூட்டை இழுத்துட்டு வர்றதால ஒரு யூனிட் கரண்ட்டுக்கு மூணு யூனிட் அளவுக்கு சூடு கெடைக்கும். சேலத்துல அந்த சூரியன் பட்டனுக்கு வேலையே கெடையாது, ஆனா வம்பு மட்டும் உண்டு.

அதனால முதல்ல ரிமோட். பேட்டரி ரெண்டையும் கழட்டிட்டு எதாவது ஒரு பட்டனை அஞ்சு பத்து செகண்ட் அமுக்கிப் பிடிங்க, உள்ள மிச்சம் இருக்கற சார்ஜ் போயிரும், சில ரிமோட்ல ரீசெட்டுனு குண்டூசி நுழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், அதையும் குத்தலாம். புது பேட்டரி போட்டு கூல் மோட், 18 டிகிரி, ஃபேன் ஹைல வைங்க. 18 நிரந்தரமா இல்ல, டெஸ்ட் முடியற வரைக்கும்தான், அதிக டிகிரி வெச்சா இன்வெர்ட்டர் மிஷின், அதாவது தேவைக்கு ஏத்த மாதிரி கம்ப்ரெஸர் வேகத்தை மாத்திக்கற ஏசி, நடுவுல வேகத்தைக் கொறச்சுக்கும், நமக்கு ஒண்ணும் புரியாது. ஸ்லீப், ஈக்கோ, டைமர் எல்லாத்தையும் எடுத்துருங்க. ட்ரை மோடுல கெடந்தாலும் அவ்வளவா குளுராது, அது ஈரத்தை எடுக்கற மோட். அப்புறம் இப்ப வர்ற மிஷின்ல எல்லாம் கன்வெர்ட்டிபிள்னு ஒரு பட்டன் கொடுத்திருக்காங்க, அமுக்கி அமுக்கி 80, 60, 40 சதவீதம்னு கொறச்சுக்கலாம், என் கொழுந்தியா வீட்ல ஒன்றரை டன் ஏசி ரெண்டு மாசம் 40ல ஓடிட்டிருந்துச்சு, அவங்க "வாங்குனதே தப்பு, ரெண்டு டன் வாங்கியிருக்கணும்"னு மச்சான்கிட்ட சண்டை போட்டுட்டிருந்தாங்க.

ரிமோட் வேலை செய்யுதான்னு சந்தேகமா இருந்தா போன் கேமராவை ஆன் பண்ணி ரிமோட்டோட மூக்கைக் காட்டி பட்டனை அமுக்குங்க, ஸ்க்ரீன்ல ஊதா கலர்ல ஒரு வெளிச்சம் மின்னும், நம்ம கண்ணுக்கு நேரா தெரியாது. பின்னாடி கேமரால தெரியலன்னா செல்ஃபி கேமரால பாருங்க.

இப்ப ரீசெட். அதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான விஷயம், டிஸ்ப்ளேல ஈ, எஃப்னு ஆரம்பிக்கற எதாவது எரர் கோட் காட்டுச்சுன்னா இல்ல லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா முதல்ல போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கங்க. ரீசெட் பண்ணா அது அழிஞ்சுரும், அப்புறம் மெக்கானிக் வந்து "என்ன கோட் காட்டுச்சு"ன்னு கேட்டா முழிக்கணும். ஒவ்வொரு கம்பெனிக்கும் கோட் வேற வேற, உங்க மிஷினோட புத்தகத்துல அர்த்தம் இருக்கும், பக்கத்து வீட்டு மிஷினோட கோட் அர்த்தத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

ரிமோட்ல ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விடுங்க. அப்புறம் ஏசிக்குன்னு இருக்கற எம்சிபியை, அதாவது கரண்ட் பெட்டில இருக்கற ட்ரிப் சுவிட்சை எறக்குங்க, ஸ்டெபிலைசர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க. எறக்கிட்டு பத்து நிமிஷம் தொடவே தொடாதீங்க. நெறைய பேர் தப்பு பண்றது இங்கதான், எறக்கி அஞ்சு செகண்ட்ல ஏத்திட்டு ரீசெட் பண்ணியாச்சு ஒண்ணும் ஆகலன்னு சொல்லுவாங்க. இன்வெர்ட்டர் போர்டுல பெரிய பெரிய கெப்பாசிட்டர் இருக்கு, 300 வோல்ட்டுக்கு மேல டிசி தேங்கி நிக்கும், அது வடிய நேரம் ஆகும், வடிஞ்சாத்தான் போர்டு புதுசா யோசிக்கும். அதே காரணத்துக்காகத்தான் சொல்றேன், எம்சிபி எறக்கியாச்சே பயம் இல்லன்னு அவுட்டோர் மூடியைக் கழட்டி உள்ள கை விடாதீங்க, தூக்கிப் போட்ரும்.

பத்து நிமிஷம் ஆச்சா, எம்சிபி ஏத்தி, ஸ்டெபிலைசர் போட்டு, ரிமோட்ல கூல் அமுக்குங்க. ஸ்டெபிலைசர் சிலது மூணு நிமிஷம் காக்க வைக்கும், கம்ப்ரெஸர் அதுக்கு மேல ஒரு மூணு நிமிஷம் காக்க வைக்கும், குழாய்ல ரெண்டு பக்கமும் பிரஷர் சமமாகற வரைக்கும் அது கெளம்பாது. ஆறேழு நிமிஷம் குளிர் காத்து வராது. அதுக்குள்ள பொறுமை இல்லாம மறுபடி ஆஃப், மறுபடி ஆன்னு பண்ணா கணக்கு முதல்லேர்ந்து ஓடும், இட்லி குண்டாவை நிமிஷத்துக்கு ஒரு தடவை தொறந்து பாத்தா எப்படி வேகும்.

ரீசெட் ஒரு தடவை பண்ணலாம், ரெண்டு தடவை பண்ணலாம். தெனமும் பண்ணாத்தான் ஓடுதுன்னா உள்ள ஒரு கோளாறு இருக்கு, அது எரர் கோட் காட்டி கத்திட்டே இருக்கு, நாம வாயைப் பொத்திட்டிருக்கோம்னு அர்த்தம். எம்சிபி ட்ரிப் ஆனா ஒரு தடவைக்கு மேல ஏத்தாதீங்க, வயர் கருகற வாடை வந்தா ஒரு தடவை கூட வேணாம்.

ரிமோட் மேல நம்பிக்கை இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி, இண்டோரோட முன் மூடியைத் தூக்குனா ஓரத்துல சின்னதா ஒரு பட்டன் இருக்கும். ஒரு அமுக்கு அமுக்குனா ஆட்டோல ஓடும், நெறைய மாடல்ல அஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா கட்டாயக் கூலிங் ஓடும், செட் பண்ண டிகிரி எதையும் பாக்காம ஓட்டும். அதுல நல்லா குளுந்து ரிமோட்ல குளுரலன்னா மிஷின் நல்லா இருக்கு, கோளாறு ரிமோட்லயோ நம்ம செட்டிங்லயோதான்.

அதே மூடிக்குள்ளதான் ஃபில்டர். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழுவணும்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் கழுவறதில்ல, நானும் சேத்துதான். அம்மாப்பேட்டைல எங்க சித்தப்பா வீடு, கீழ தறி ஓடுது, மேல ரூம்ல ஏசி. குளுரலன்னு கூப்பிட்டாரு, போயி மூடியைத் தூக்குனா ஃபில்டர் கண்ணுக்கே தெரியல, சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமா நூல் பஞ்சு படிஞ்சு கம்பளி மாதிரி ஆயிருச்சு. ஒரு ஓரத்தைப் பிடிச்சு உரிச்சேன், தோசை கல்ல விட்டு வர்ற மாதிரி முழுசா வந்துச்சு. அதுக்குப் பின்னாடி காயில்ல, அதாவது கேஸ் ஓடற குழாயும் தகடும் சேந்த பகுதில, ஐஸ் கட்டி நின்னுச்சு. காத்து போகலன்னா காயில் அளவுக்கு மீறி குளுந்து ஐஸ் பிடிக்கும், ஐஸ் பிடிச்சா இருக்கற கொஞ்ச வழியும் அடைபடும், உக்காந்திருக்கறவனுக்கு வேர்த்து ஊத்தும். அப்படி இருந்தா கத்தி, ஸ்க்ரூ ட்ரைவர்னு எதையும் வெச்சுக் குத்தாதீங்க, கூலிங்கை நிறுத்திட்டு ஃபேன் மோடுல ஒரு மணி நேரம் விட்டா தானா உருகிரும், கீழ ஒரு வாளி வைங்க. ஃபில்டரை பச்சைத் தண்ணில கழுவி நெழல்ல காய வெச்சு மாட்டுங்க, வெயில்ல போட்டா வளைஞ்சுக்கும். சித்தப்பா இப்ப வாரா வாரம் ஞாயித்துக்கிழமை கழுவறாரு, தறி வீட்டுக்கு பதினஞ்சு நாளெல்லாம் பத்தாது.

அடுத்தது அவுட்டோர், என்னைக் கேட்டா சேலத்துல பாதி ஏசி குளுராததுக்கு இதுதான் காரணம். ஒன்றரை டன்னு டப்பால போட்டிருக்கானே, அது வெளிய 35 டிகிரி இருக்கறப்ப அளந்த கணக்கு. கத்திரில நமக்கு 40 தாண்டுது, மேக்கால செவுத்துல மாட்டி பக்கத்துல தகரக் கூரை இருந்தா அவுட்டோர் இழுக்கற காத்து இன்னும் சூடாத்தான் இருக்கும். இதுல பால்கனிக்கு கண்ணாடி போட்டு மூடி அவுட்டோரை உள்ள வெச்சவங்களும் இருக்காங்க, அது விட்ட அனல் காத்தை அதுவே திரும்ப இழுக்குது. எடுத்து வெளிய மாட்டறதைத் தவிர அதுக்கு மருந்து இல்ல.

தூசி வேற. எங்க மிஷினை ஏற்காட்டுலேர்ந்து கொண்டாந்து ரெண்டு வருஷம் பின்பக்கத்தைப் பாக்கவே இல்ல, ஒரு நாள் கொசுவலையைத் துவைக்கப் போனப்ப எட்டிப் பாத்தா அந்த அலுமினியத் தகடு வரிசை முழுக்க சாம்பல் கலர்ல மூடிக் கெடக்கு, நடுவுல ஒரு குருவி ரெக்கை வேற. கருப்பூர் பக்கம் மேக்னசைட் சுரங்கம் இருக்கற ஏரியால ஒரு ஃப்ரெண்டு வீட்ல அது வெள்ளையா இருந்துச்சு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. கழுவற முறை இதுதான்: எம்சிபி எறக்கி அரை மணி நேரம் ஆற விடுங்க, சாயந்திரமா பண்ணுங்க, தோட்டத்துக்கு விடற ஹோஸ்ல சாதாரண வேகத்துல மேலேர்ந்து கீழ தண்ணி விடுங்க, ஃபேன் தெரியற முன்பக்கம் நின்னு பாத்தா பின்பக்கமும் எடது பக்கமும்தான் காயில் இருக்கும். வலது பக்கம் குழாய் வயர் எல்லாம் சேர்ற எடம், அதுக்கு மேலதான் போர்டு, அங்க தண்ணி வேணாம். பைக் கழுவற பிரஷர் வாஷரைக் கொண்டு போயிராதீங்க, தகடு எல்லாம் படுத்துக்கும், அப்புறம் காத்து போக வழியே இருக்காது. எங்களுதுல முதல் அஞ்சு நிமிஷம் கீழ ஓடுன தண்ணி செவ்வாழைத் தோல் கலர்ல வந்துச்சு, பத்து நிமிஷம் கழிச்சுத்தான் தெளிஞ்சுச்சு, அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டம்மா போர்வை கேட்டாங்க.

இன்னொரு பழக்கம் இருக்கு, அவுட்டோர் மேல ஈரச் சாக்கு போடறது, இல்ல சொட்டு சொட்டா தண்ணி விடறது. மேட்டூர் தண்ணினா கூட பரவால்ல, பெரும்பாலும் போர் தண்ணியைத்தான் விடறாங்க, அது காய்ஞ்சு உப்பு படிஞ்சு ஒரே சீசன்ல காயில் மேல கல்லு கட்டிரும். நெழல் வேணும்னா மேல ஒரு ரெண்டடி எடம் விட்டு பச்சை வலை கட்டுங்க, முன்னாடி காத்து வர்ற பக்கத்தை மறைக்காதீங்க.

இவ்வளவும் பண்ணிட்டு ஒரு அளவு எடுங்க. வயர்ல முனை தொங்கற டிஜிட்டல் தெர்மாமீட்டர் எலெக்ட்ரிக் கடைல இல்ல ஆன்லைன்ல கம்மி விலைக்கு கெடைக்கும். பதினஞ்சு இருவது நிமிஷம் ஓட விட்டு, இண்டோருக்கு மேல காத்து உள்ள போற எடத்துல ஒரு அளவு, கீழ குளிர் காத்து வர்ற வாய்ல ஒரு அளவு. ரெண்டுக்கும் எட்டுலேர்ந்து பன்னெண்டு டிகிரி வரைக்கும் வித்தியாசம் இருந்தா மிஷின் தன் வேலையைச் செய்யுது, ரூம்ல எங்கேயோ சூடு உள்ள வருது, இல்ல ரூமுக்கு மிஷின் பத்தல. கோடை மழை பேஞ்ச அன்னைக்கு புழுக்கமா இருக்கறப்ப வித்தியாசம் கொஞ்சம் கொறைஞ்சுதான் காட்டும், பாதி சக்தி காத்துல இருக்கற ஈரத்தை எடுக்கறதுலயே போயிரும், பயப்படாதீங்க. மேல்மாடிக்காரங்களுக்கு கான்கிரீட் பகல் பூரா குடிச்ச வெயிலை ராத்திரி பத்து மணிக்குத்தான் உள்ள எறக்கும், அதுக்கு மாடில வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிச்சா எந்த சர்வீஸையும் விட நல்லா கேக்கும்.

வித்தியாசம் மூணு நாலுதான் வருதுன்னா இப்ப குழாய். அவுட்டோர் பக்கத்துல ரெண்டு செப்புக் குழாய் சேர்ற எடத்துல பித்தளை வால்வு இருக்கும், ஒண்ணு தடி, ஒண்ணு மெல்லிசு. ஓடறப்ப தடிக் குழாய் ஜில்லுனு வேர்த்துட்டு இருக்கணும். மெல்லிசு மட்டும் வெள்ளையா பனி பிடிச்சு தடிசு சாதாரணமா இருந்தா கேஸ் கம்மின்னு சந்தேகப்படலாம். ரெண்டுலயும் ஐஸ்னா திரும்பப் போயி ஃபில்டரையும் உள்ள ஃபேனையும் பாருங்க. கூல் மோடுல தடிக் குழாயைத் தொட முடியாத அளவுக்கு சுட்டுச்சுன்னா அது ஹாட் அண்ட் கோல்டுக்கு மட்டுமே வர்ற வியாதி, ஃபோர் வே வால்வு ஹீட் பக்கமே சிக்கிக்கிச்சு. ரூமுக்குள்ள நெஜமாவே அனல் அடிக்கும்.

இது ஏற்காட்டுல இருக்கறவங்களுக்கு நல்லா தெரியும், அங்க எங்க மாமனாரோட ஃப்ரெண்டு வீட்ல பனிக்காலம் பூரா ஹீட்ல ஓடுன மிஷினை மே மாசம் விருந்தாளி வந்தப்ப கூல்ல போட்டிருக்காங்க, சூடாவே அடிச்சுச்சாம். ரிமோட்ல ஹீட் போட்டு அஞ்சு நிமிஷம், ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம், கூல் போட்டு அஞ்சு நிமிஷம்னு ரெண்டு மூணு தடவை மாத்திப் பாத்தா மாறும்போது அவுட்டோர்ல "புஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரும், கேஸ் பாதை மாறுற சத்தம் அது. அந்த சத்தம் வந்துச்சுன்னா வால்வு அசையுது. அவங்களுக்கு மூணாவது தடவை வந்துச்சு. வரவே இல்லன்னா வால்வு மேல இருக்கற மின்காந்தக் காயில் போயிருக்கலாம், அதுக்கு கரண்ட் கொடுக்கற ரிலே போயிருக்கலாம், ரெண்டும் சின்ன செலவு, வால்வே போயிருந்தா கேஸை எறக்கிட்டு பத்த வெச்சு மாத்தணும், அது பெரிய வேலை. வால்வு நடுவுல பாதில நின்னுச்சுன்னா இன்னும் கொழப்பம், கூலிங்கும் சுமார், ஹீட்டும் சுமார், அதைப் பாத்துட்டு கேஸ் கம்மின்னு கேஸை ஏத்திட்டுப் போயிருவாங்க. அதனால மெக்கானிக்கைக் கூப்பிடறப்பவே "இது ஹாட் அண்ட் கோல்ட், வால்வைப் பாக்கத் தெரிஞ்சவர் வேணும்"னு சொல்லிக் கூப்பிடுங்க.

கேஸ்தான்னு முடிவாச்சுன்னா கூட ஒண்ணு ஞாபகம் வைங்க, கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற பொருள் இல்ல, மூடுன குழாய்க்குள்ள சுத்திட்டே இருக்கறது. கொறைஞ்சா எங்கேயோ லீக். வருஷா வருஷம் டாப் அப் பண்றவங்க வருஷா வருஷம் ஓட்டைக்கு காசு கொடுக்கறாங்க. லீக் எங்கன்னு சோப்பு நொரை வெச்சு காட்டச் சொல்லுங்க, நெறைய நேரம் குழாயை முறுக்கி மாட்டுன ஃப்ளேர் நட்டுலதான் இருக்கும், எடம் மாத்தி மாட்டுன மிஷின்னா முதல்ல அதைத்தான் பாக்கணும். அடைச்சுட்டு நைட்ரஜன் ஏத்தி லீக் நின்னுச்சான்னு பாத்து, வேக்யூம் பம்ப் போட்டு உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி, தராசு வெச்சு எடை போட்டு கேஸ் ஏத்தணும். எந்த கேஸ், எத்தனை கிராம்னு அவுட்டோர் ஸ்டிக்கர்லயே இருக்கும், எங்களுது ஆர்32ங்கற கேஸ். இன்வெர்ட்டர் மிஷின்ல கம்ப்ரெஸர் வேகம் மாறிட்டே இருக்கறதால கேஜ் முள்ளை மட்டும் பாத்து ஏத்தறது குத்துமதிப்புதான். தராசு இல்லாம வந்தவரை டீ கொடுத்து அனுப்பிடுங்க. ஆர்32 லேசா தீப்பிடிக்கற கேஸ் வேற, வேலை நடக்கறப்ப பக்கத்துல பீடி சிகரெட் கூடாது, ஜன்னலைத் தொறந்து வைங்க.

வோல்டேஜ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பகல்ல நல்லா குளுந்து ராத்திரி ஏழு மணிக்கு மேல மட்டும் மக்கர் பண்ணா ஸ்டெபிலைசர்ல இன்புட் எவ்ளோ காட்டுதுன்னு ரெண்டு மூணு நாள் எழுதி வைங்க. 230 இருக்க வேண்டிய எடத்துல 180, 170னு வந்தா மிஷினைக் கழட்டி பிரயோஜனம் இல்ல, லைனைத்தான் பாக்கணும். எழுதி வெச்ச நேரமும் நம்பரும் இருந்தா புகார் கொடுக்கவும் வசதி.

பல்லி இன்னொரு எமன். மழைக்காலத்துல கதகதப்பா இருக்குன்னு அவுட்டோர் போர்டுல போயி படுத்துக்கும், ரெண்டு முனையையும் சேத்து மிதிச்சா அதுவும் காலி போர்டும் காலி. வயர் போற ஓட்டை தொறந்திருந்தா சர்வீஸுக்கு வர்றவர்கிட்ட சொல்லி அடைச்சு விடச் சொல்லுங்க.

எங்க வீட்டு ரிமோட்ல மோட் பட்டன் மேல ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டுனேன். சின்னவன் ரெண்டு தடவை உரிச்சுட்டான், மூணாவது தடவை எலெக்ட்ரிகல் டேப் ஒட்டியிருக்கேன்.